கிராபைட்டில் முதல் பொத்தான் மின்கலம்: வன்னிக் காலநிலைக்கு ஏற்ற செய்முறை

கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியாவிலோ இலிதியம் அயன் மின்கலத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு, எங்கே தொடங்குவது என்று விழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். காற்றுப் புகாத கையுறைப் பெட்டிக்குள் கை பழகியிருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். பெட்டியில் ஆகன் வாயுதான் இருக்க வேண்டும். நைதரசன் மலிவுதான், ஆனால் இலிதியம் அதனுடனும் தாக்கமுற்றுக் கறுத்துவிடும்.

முதல் மின்கலத்துக்குக் கிராபைட்டையே எடுங்கள். போகலவிலும் கஹட்டகஹவிலும் தோண்டும் நம் நாட்டுக் காரீயம் (கிராபைட்தான்) தூய்மைக்குப் பேர்போனது. அதைவிட எனக்குப் பிடித்த காரணம், நச்சுக் கரைப்பான் இல்லாமல் வெறும் நீரிலேயே கூழாக்கலாம் என்பது.

முதலாம் படி, கூழ். கிராபைட் 90, மின்னைக் கடத்தும் கார்பன் பிளாக் 5, தூளை ஒட்டவைக்கும் பசைகளான சிஎம்சியும் எஸ்பிஆரும் சேர்த்து 5 என்ற எடை விகிதம் போதும். சிஎம்சியை முதலில் தனியாக நீரில் முழுவதும் கரையவிட்ட பிறகே தூள்களைச் சேருங்கள். 10 மைக்ரோமீற்றர் செப்புத் தாளில் சீராகப் பூசி உலர்த்தி, 12 மி.மீ. வட்டங்களாக வெட்டி, வெற்றிட அடுப்பில் 110 பாகை செல்சியசில் ஓர் இரவு விடுங்கள்.

இரண்டாம் படி, எடை நிறுத்தல். கடைசியில் வரும் மின் கொள்ளளவு முழுவதும் இந்த எண்ணில்தான் தொங்குகிறது. வழிகாட்டிகள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. பூச்சில்லாத செப்பு வட்டம் 10.1 மில்லிகிராம், பூசியது 15.1 என்றால் பூச்சு 5.0. அதில் 90 சதவீதம் கிராபைட், அதாவது 4.5 மில்லிகிராம். கிராபைட்டின் கோட்பாட்டுக் கொள்ளளவு கிராமுக்கு 372 மில்லி அம்பியர் மணி. ஆகவே இந்த வட்டத்துக்கு 1.67 மில்லி அம்பியர் மணி. செப்பு வட்டத்தின் எடையில் 0.3 மில்லிகிராம் பிசகினால் விடையில் கிட்டத்தட்ட 6 சதவீதம் பிசகும். எனவே அதே தாளின் பூசாத ஓரத்திலிருந்து ஐந்தாறு வட்டங்கள் வெட்டிச் சராசரி எடுங்கள். பழைய சுருளின் எண்ணை நம்பாதீர்கள். 0.01 மில்லிகிராம் காட்டும் தராசைத்தான் நான் விரும்புவேன். 1 மில்லிகிராம் தராசில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

மாரியில் இன்னொரு தொல்லை. அடுப்பிலிருந்து எடுத்த வட்டத்தைத் தட்டில் வைத்ததும் கடைசி இலக்கம் கண்ணெதிரே ஏறிக்கொண்டே போகும். பழுது தராசில் இல்லை. சிஎம்சி ஈரம் குடிக்கிறது. சிலிக்கா ஜெல் இட்ட உலர்த்தியில் ஆறவைத்து, ஒவ்வொன்றையும் வெளியே எடுத்தபின் ஒரே கணக்கான நேரம் கழித்து எண்ணைக் குறியுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் ஈரம் குறைவு, தூசு அதிகம்: சன்னலைச் சாத்துங்கள், மின்விசிறியையும் நிறுத்துங்கள். வியர்க்கத்தான் செய்யும்.

எடை பார்த்த வட்டங்களைக் கையுறைப் பெட்டிக்குள் அனுப்பும் முன் மறுபடி வெற்றிடத்தில் உலர்த்துங்கள். கலத்தில் விடும் திரவமான மின்பகுபொருளில் கரைந்திருக்கும் எல்ஐபிஎப்6 என்ற இலிதிய உப்பு நீரைக் கண்டால் ஐதரசன் புளோரைட்டை உண்டாக்கும். கூடவே போகும் துடைதாளும் ஈரத்தைக் கொண்டுபோகும். அதையும் உலர்த்த வேண்டும்.

மூன்றாம் படி, அடுக்கல். சிஆர்2032 என்ற பொத்தான் மின்கல அளவுக் கூட்டின் பெரிய கிண்ணத்தில் பூச்சு மேலே பார்க்க வட்டத்தை வையுங்கள். மின்பகுபொருள் ஒரு துளி. இரு மின்வாய்களும் ஒன்றையொன்று தொடாமல் பிரிக்கும் 19 மி.மீ. பிரிதாளை ஓர் ஓரத்தில் தொடவைத்து மெல்லச் சாய்த்து இறக்கினால் குமிழி எதிர்ப்பக்கமாக வெளியேறும்; தட்டையாகப் போட்டால் நடுவில் வெள்ளைப் புள்ளியாக மாட்டிக்கொள்ளும். மறுபடி மின்பகுபொருள், பிறகு பளபளப்பான இலிதிய வட்டம், எஃகுத் தட்டு, அலைவடிவ வில் (ஸ்பிரிங்), மூடி. இலிதிய வட்டம் மின்வாயைவிடச் சற்றுப் பெரிதாக, 15 அல்லது 16 மி.மீ. இருக்கட்டும். மொத்த மின்பகுபொருளை நுண்குழாயியால் அளந்து எல்லாக் கலங்களுக்கும் ஒரே அளவு விடுங்கள். பிரிதாளுக்கு செல்கார்ட் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாள் என் தெரிவு. கண்ணாடி இழைத்தாள் மின்பகுபொருளை அளவுக்கு மீறி உறிஞ்சும்.

அழுத்தி மூடியபின் உலோக இடுக்கியைத் தொடவே கூடாது. இரு முகத்தையும் சேர்த்துப் பிடித்த கணத்திலேயே குறுஞ்சுற்று. பிளாஸ்டிக் இடுக்கி வாங்குங்கள். 3.2 மி.மீ. தடிப்பைச் சரிபார்க்கும் அளவுகோலும் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும்.

நான்காம் படி, சோதனை. 12 மணி நேரம் ஊறவிட்டுத் திறந்த சுற்று வோல்ற்றளவைப் பாருங்கள். 3 வோல்ற்றை ஒட்டி இருந்தால் நல்லது. பூச்சியத்தை ஒட்டி இருந்தால் உள்ளே குறுஞ்சுற்று, அதைச் சோதனைக்கு ஏற்றிப் பயனில்லை. நல்ல கலத்தை 0.167 மில்லி அம்பியரில் (மேலே கண்ட 1.67இல் பத்தில் ஒரு பங்கு) 0.01 வோல்ற்று வரை இறக்கி, 1.5 வரை ஏற்றுங்கள். இலிதியத்துக்கு எதிரே வைத்திருப்பதால் இறங்கும்போதுதான் கிராபைட்டுக்குள் இலிதியம் நுழைகிறது. கருவி அதை மின்னிறக்கம் என்று எழுதும், குழம்ப வேண்டாம். முதல் இறக்கத்தில் 372ஐத் தாண்டினாலும் துள்ளாதீர்கள். ஒரு பகுதி கிராபைட்டின் மேற்பரப்பில் படலம் உருவாகச் செலவாகிறது. திரும்பி வரும் அளவே உங்கள் விடை. ஒரே மாதிரி மூன்று கலங்களாவது செய்யாமல் எந்த எண்ணையும் அறிக்கையில் எழுதாதீர்கள்.

பின்சேர்க்கை: மின்தடையில் சோதனை நின்றுபோகிறது என்று பலர் கேட்டார்கள். யுபிஎஸ்ஸில் கணினியை மட்டும் மாட்டினால் போதாது, சோதனைக் கருவியையும் மாட்டுங்கள். சித்திரை வெயிலில் அறை வெப்பநிலை பகலில் ஒன்று, இரவில் ஒன்று. கலங்களை 25 பாகையில் நிறுத்தும் பெட்டி இல்லையென்றால் வெப்பநிலையையாவது பக்கத்தில் குறித்துவையுங்கள்.

கடையில் வாங்கிய சிஆர்2032ஐ இதே கருவியில் மின்னேற்றலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. அது ஒருமுறை மட்டும் பயன்படும் வகை. ஏற்றினால் வெடிக்கவும் கூடும். மின்னேற்றத்தக்கது எல்ஐஆர்2032, அதுவும் 4.2 வோல்ற்றுக்கு மேல் போகக் கூடாது.