தவிலடியும் ஓசையும் விலகாமல் வீட்டு விசேஷக் காணொளியைத் தொகுப்பது எப்படி? – ஷாட்கட் செய்முறை

அப்பாவின் மணிவிழா முடிந்த மறு வாரத்தில், எட்டுப் பேருடைய கைபேசிகளிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட காணொளித் துண்டுகள் என்னிடம் வந்து சேர்ந்தன. விழாவுக்கு அமர்த்தியிருந்த ஒளிப்பதிவாளர் மேடையை நன்றாகவே எடுத்திருந்தார். ஆனால் பந்தியில் பெரியத்தை ஒவ்வொரு இலையாகக் குனிந்து பாயசம் கேட்டுப் பரிமாறியதும், மாலை கட்டிக்கொண்டிருந்த பாட்டி தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்ததும் எங்கள் கைபேசிகளில்தான் இருந்தன. அவற்றை முக்கால் மணி நேரப் படமாகத் தொகுத்த அனுபவத்திலிருந்து இந்த விளக்கத்தை எழுதுகிறேன். மென்பொருளைப் பதிவிறக்கி நிறுவுவது, கைபேசியிலிருந்து கணினிக்குக் கோப்பை மாற்றுவது ஆகியவை உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எந்த மென்பொருள்?

நான் பயன்படுத்தியது ஷாட்கட். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். கட்டற்ற மென்பொருள் என்பதால் கட்டணமும் இல்லை, முடிந்த படத்தின் மீது முத்திரையும் விழாது. மேக் கணினி வைத்திருப்பவர்கள் அதிலேயே கிடைக்கும் ஐமூவியில் தொடங்கலாம். டாவின்சி ரிசால்வ் மிகச் சிறந்த கருவி என்பதில் எனக்கு ஐயமில்லை; ஆனால் தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத வீட்டு மடிக்கணினியில் அது திணறும், முதன்முறை தொகுப்பவருக்கு அதன் திரை மிரட்சியையும் தரும். பலரும் இன்னும் தேடுகிற விண்டோஸ் மூவி மேக்கருக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. இப்போது அந்தப் பெயரில் கண்ட தளங்களில் கிடைப்பதை நிறுவ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

துண்டுகளைச் சேகரித்தல்

வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, முகங்கள் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். அதே கோப்பை "டாக்குமெண்ட்" என்ற வழியில் இணைத்து அனுப்பினால் எடுத்தது எடுத்தபடியே வந்து சேரும். 2 ஜிபி வரை அனுப்பலாம். எங்கள் சித்தப்பாவிடம் இதைத் தொலைபேசியில் இரண்டு முறை சொல்லிப் புரியவைத்துத் திரும்ப வாங்கினேன். அந்தப் பத்து நிமிடத்தில் கிடைத்த தெளிவை வேறு எந்த ஃபில்டராலும் கொண்டுவர முடியாது.

வந்த எல்லாவற்றையும் கணினியில் ஒரே கோப்புறையில் வைத்து, ஷாட்கட் உருவாக்கும் திட்டக் கோப்பையும் அதற்குள்ளேயே சேமியுங்கள். திட்டக் கோப்புக்குள் காணொளி எதுவும் இருக்காது. எந்தத் துண்டு எங்கே இருக்கிறது, எங்கே வெட்டப்பட்டது என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். எல்லாம் ஒரே கோப்புறையில் இருந்தால் அதை அப்படியே பென்டிரைவுக்கோ வேறு கணினிக்கோ நகர்த்தினாலும் வேலை கெடாது. துண்டுகள் பல இடங்களில் சிதறிக் கிடந்தால் அடுத்த முறை திறக்கும்போது "கோப்பைக் காணவில்லை" என்ற பட்டியல்தான் வரும்.

திட்டத்தின் அளவை முதலிலேயே குறியுங்கள்

ஷாட்கட்டில் வீடியோ மோட் என்ற அமைப்பு இயல்பாகத் தானியங்கு நிலையில் இருக்கும். அதாவது டைம்லைனில் (துண்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) முதலில் எந்தத் துண்டு விழுகிறதோ அதன் அளவே முழுப் படத்தின் அளவாகிவிடும். முதல் துண்டு யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய சிறிய, செங்குத்தான துண்டாக இருந்தால் படம் முழுவதும் அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். ஆகவே புதிய திட்டத்தைத் தொடங்கும்போதே எச்டி 1080பி, நொடிக்கு 30 பிரேம் (பிரேம் என்பது காணொளியில் அடுத்தடுத்து ஓடும் அசையாப் படங்களில் ஒன்று) என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள். பெரும்பாலான கைபேசிகள் ஏறத்தாழ 30 பிரேமில்தான் பதிவு செய்கின்றன. அந்த "ஏறத்தாழ" என்ற சொல்லில்தான் என்னுடைய மூன்று மாலைகள் வீணாயின.

ஓசை விலகியது ஏன்?

முதல் வடிவத்தை முடித்து, அம்மாவோடு உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தேன். தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருந்தது. பன்னிரண்டாவது நிமிடத்தில் மாங்கல்யதாரணமும் கெட்டிமேளமும் வந்தபோதுதான் பிழை தெரிந்தது. தவில் வித்துவானின் குச்சி தோலில் விழுந்து மேலே எழும்பிய பிறகு, அடியின் ஓசை கேட்டது. பேச்சில் இப்படிச் சிறிது விலகினால் பலர் கவனிக்கமாட்டார்கள். தவிலில் ஒவ்வோர் அடியும் கண்ணுக்குத் தெரிவதால் அது உடனே உறுத்துகிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த இடத்தில் திரையிலிருந்து பார்வையை எடுத்துவிட்டார்கள்.

காரணம் இதுதான். கைபேசி எல்லா நேரத்திலும் ஒரே வேகத்தில் பிரேம்களை எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால், ஒவ்வொரு பிரேமுக்கும் கூடுதல் ஒளியைச் சேகரிப்பதற்காக, அது நொடிக்கு எடுக்கும் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். மண்டபத்தின் உள்பகுதி, இரவு விளக்கு, ஓமப்புகை என்று நம் விசேஷங்கள் நடக்கும் இடமெல்லாம் இப்படித்தான். ஆனால் ஒலி மட்டும் மாறாத வேகத்தில் பதிவாகிக்கொண்டே இருக்கும். இப்படிப் பதிவான கோப்பை மாறும் பிரேம் வேகக் கோப்பு என்கிறார்கள். சராசரியாக 29.9 பிரேம் மட்டுமே உள்ள கோப்பை 30 என்று ஒரு மென்பொருள் எடுத்துக்கொண்டால், 10 நிமிடத்தில் 60 பிரேம், அதாவது 2 நொடி, படத்துக்கும் ஒலிக்கும் இடையே விலகிவிடும். தொடக்கத்தில் ஒன்றும் தெரியாமல் போகப்போக இடைவெளி கூடுவது இந்தக் கோளாறின் அடையாளம். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவில் விலகியிருந்தால் அது வேறு சிக்கல். ஒலியைப் பிரித்துச் சற்று நகர்த்தினாலே அது தீரும்.

இத்தகைய கோப்பைத் திறக்கும்போதே, "இது மாறும் பிரேம் வேகம் கொண்டது, தொகுப்பதற்கு நம்பத்தக்கதன்று, மாற்றித் தரவா?" என்ற பொருளில் ஷாட்கட் ஒரு பெட்டியைக் காட்டுகிறது. முதல் நாள் வேகத்தில் நான் அதை ரத்து செய்துவிட்டுத் தொடர்ந்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். "இனிமேல் இதைக் காட்டாதே" என்ற கட்டத்தையும் தொடாதீர்கள்.

அந்தப் பெட்டியில் குட், பெட்டர், பெஸ்ட் என்று மூன்று நிலைகள் உண்டு. பெஸ்ட் என்ற சொல்லைப் பார்த்து அதைத் தேர்ந்தால் கோப்பு பல மடங்கு பெருத்து வன்தட்டை நிரப்பிவிடும். குடும்பப் படத்துக்குக் குட் போதுமானது. மாற்றிய கோப்பு "கன்வெர்ட்டட்" என்ற பின்னொட்டோடு சேமிக்கப்படும். இனித் தொகுப்பில் அதையே பயன்படுத்த வேண்டும். பெட்டியை ஏற்கெனவே மூடிவிட்டவர்கள் துண்டைத் தேர்ந்து, பிராப்பர்ட்டீஸ் பலகையைத் திறந்து, அங்குள்ள கன்வெர்ட் பொத்தானை அழுத்தலாம். பிரேம் வேகத்துக்கு அருகில் "வேரியபிள்" என்ற சொல் இருக்கிறதா என்பதையும் அதே பலகையில் பார்த்து உறுதிசெய்யலாம்.

இங்கே வரிசை முக்கியம்: எல்லாத் துண்டுகளையும் மாற்றி முடித்த பிறகே முதல் வெட்டு விழ வேண்டும். நான் வெட்டிய பிறகு உண்மையைக் கண்டுபிடித்ததால், ஐம்பது துண்டுகளையும் மாற்றிவிட்டு, தொகுப்பை முதலிலிருந்து மீண்டும் செய்தேன். மாற்றும் வேலையை இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். ஜாப்ஸ் பலகையில் அது ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருக்கும்.

*பின்சேர்க்கை:* பழைய கணினியில் இந்த மாற்றம் பாதியில் நிற்கிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருக்கு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளைப் பரிந்துரைத்தேன். அதன் வீடியோ பகுதியில் பிரேம் வேகத்தை 30 என்று வைத்து, "கான்ஸ்டண்ட்" என்பதைத் தேர்ந்து மாற்றினால் இதே பயன் கிடைக்கும்.

*இன்னொரு பின்சேர்க்கை:* ஐபோனில் எடுத்த துண்டுகள் மட்டும் நிறம் வெளிறித் தெரிகின்றன என்று இருவர் கேட்டார்கள். ஐபோன் 12 முதல் வந்த கைபேசிகள் எச்டிஆர் முறையில், அதாவது ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கூடுதலாகப் பிடிக்கும் முறையில், பதிவு செய்யக்கூடியவை. சாதாரணத் துண்டுகளோடு அவற்றைக் கலக்கும்போது இந்த வேறுபாடு வருகிறது. அடுத்த விசேஷத்துக்கு முன்பே கேமரா அமைப்பில் எச்டிஆர் வீடியோவை அணைத்துவைப்பதே எளிய வழி.

வெட்டுதல்

இது பயந்த அளவுக்குக் கடினமானதன்று. துண்டுகளை டைம்லைனில் வரிசையாக இறக்கி, வேண்டிய இடத்தில் நகரும் செங்குத்துக் கோட்டினை நிறுத்தி, எஸ் விசையை அழுத்தினால் துண்டு இரண்டாகும். வேண்டாத பகுதியைத் தேர்ந்து எக்ஸ் விசையை அழுத்தினால் அது நீங்கி, பின்னால் உள்ளவை முன்னே வந்து ஒட்டிக்கொள்ளும். இசட் விசையை அழுத்தினால் பகுதி நீங்கும், ஆனால் அதன் இடம் வெற்றிடமாக இருக்கும். முதல் நாளில் இந்த மூன்று விசைகளைத் தவிர வேறெதுவும் தேவைப்படாது. கணினி மெதுவாக இருந்தால் செட்டிங்ஸ் பட்டியலில் ப்ரிவியூ ஸ்கேலிங் என்பதை 360பி ஆக்குங்கள். பார்க்கும் திரை மட்டும் மங்கும், முடிந்த படத்தின் தரம் குறையாது.

செங்குத்தாக எடுத்த துண்டுகளுக்கு இருபுறமும் கறுப்புப் பட்டை விழும். ஃபில்டர்ஸ் பலகையில் ப்ளர்: பேட் என்பதைச் சேர்த்தால் அந்தப் பட்டையில் அதே காட்சியின் மங்கலான வடிவம் நிரம்பும்.

ஒரே ஒலி, பல காட்சிகள்

வீட்டுப் படத்தைப் பார்க்கத் தக்கதாக மாற்றுவது இந்த ஓர் உத்திதான் என்பது என் உறுதியான கருத்து. ஒரே நிகழ்வை நான்கு பேர் நான்கு இடங்களிலிருந்து எடுத்திருப்பார்கள். ஒவ்வொரு வெட்டிலும் ஒலியும் சேர்ந்து மாறினால், நாதஸ்வரம் ஒரு கணம் பக்கத்திலும் மறுகணம் தூரத்திலும் கேட்டு, பார்ப்பவரைச் சோர்வடையச் செய்யும். அதற்குப் பதிலாக, நீளமாகவும் நடுங்காமலும் பதிவான ஒரு துண்டை அடித்தடத்தில் முழுதாக வையுங்கள். எனக்கு அது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தை மகன் எடுத்த பதினெட்டு நிமிடத் துண்டு. அதற்கு மேல் இன்னொரு வீடியோ தடத்தைச் சேர்த்து, மற்றவர்களின் காட்சிகளை வேண்டிய இடங்களில் மட்டும் வைத்து, அந்தத் தடத்தின் தலைப்பில் உள்ள ஒலிபெருக்கிக் குறியை அழுத்தி ஊமையாக்கிவிடுங்கள். மேல்தடத்தில் இருக்கும் காட்சி தெரியும். கீழ்த்தடத்தின் ஒலி இடையறாமல் ஓடும்.

இரண்டு துண்டுகளையும் ஒன்றுக்கொன்று பொருத்த, டைம்லைனைப் பெரிதாக்கி ஒலி அலைகளைப் பாருங்கள். கெட்டிமேளம் தொடங்கும் இடத்தில் அலை சட்டென்று சுவர்போல் எழும்பும். இரு துண்டுகளின் சுவர்களையும் நேர்கோட்டில் நிறுத்தினால் வேலை முடிந்தது. துண்டின் மீது வலச்சொடுக்கினால் வரும் பட்டியலில், அடிப்படையாக வைத்துக்கொள்ளும் தடத்தோடு தானாகவே ஒலியைப் பொருத்தும் வசதியும் இருக்கிறது. பேச்சு அதிகமுள்ள துண்டுகளில் அது எனக்கு நன்றாக உதவியது. தவிலில் ஒரே நடை திரும்பத் திரும்ப வரும் இடத்தில் ஓர் ஆவர்த்தனம் தள்ளிப் பொருத்திவிட்டதால், அங்கே கையாலேயே செய்தேன்.

மண்டபத்தில் தவிலுக்கு மிக அருகில் எடுத்த ஒலி உடைந்துபோயிருந்தால், அளவைக் குறைத்தாலும் அது சீராகாது. தூரத்தில் நின்றவரின் ஒலியை எடுத்துக்கொள்வதே வழி.

தமிழில் தலைப்பு

ஃபில்டர்ஸ் பலகையில் டெக்ஸ்ட்: சிம்பிள் என்பதைச் சேர்த்து, யூனிகோடில் தட்டச்சு செய்து, நிர்மலா யூஐ அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தால் எழுத்துகள் ஒழுங்காக வரும். அழைப்பிதழ் அச்சடித்த கோப்பிலிருந்து பெயர்களை நகலெடுத்து ஒட்டியபோது பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வந்தன என்று ஒருவர் எழுதினார். அழைப்பிதழ்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அமைந்திருக்கும்; அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றி ஒட்ட வேண்டும். பெயர்களை எழுத்துரு மாற்றும் கருவியின்மூலம் மாற்றிய பிறகு ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பெரியவர்களின் பெயரில் ஒரு கொம்பு தவறினாலும் அவர்கள் மனம் வருந்தும்.

படத்தை வெளியெடுத்தல்

எக்ஸ்போர்ட் பலகையில் எதையும் மாற்றாமல், யூடியூப் என்ற முன்னமைப்பைத் தேர்ந்தால் எம்பி4 கோப்பு கிடைக்கும். கணினியிலும் தொலைக்காட்சியிலும் ஓடும். தொடங்குவதற்கு முன், "ஃப்ரம்" என்ற இடத்தில் டைம்லைன் தேர்வாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே சோர்ஸ் என்று இருந்தால், கடைசியாகத் திறந்துபார்த்த ஒரே துண்டுதான் கோப்பாக வெளியே வரும். பாதியில் பிழை காட்டி நின்றால், ஹார்டுவேர் என்கோடர் என்ற குறியை எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். நேரம் கூடும், ஆனால் முடிந்துவிடும்.

*கடைசிப் பின்சேர்க்கை:* பென்டிரைவில் இடம் இருந்தும் படம் நகலாகவில்லை என்று பலர் கேட்டுவிட்டார்கள். ஃபேட்32 முறையில் அமைத்த பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. அதை எக்ஸ்ஃபேட் முறையில் மீண்டும் ஃபார்மேட் செய்யலாம். அப்போது உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்பதால் முன்னதாக வேறிடத்தில் நகலெடுத்துவிடுங்கள். எக்ஸ்ஃபேட்டைப் படிக்காத பழைய தொலைக்காட்சி என்றால், படத்தைச் சடங்கு, பந்தி என்று இரண்டு கோப்புகளாக வெளியெடுங்கள். எங்கள் ஊர் வீட்டுத் தொலைக்காட்சிக்காக நான் அப்படித்தான் செய்தேன். கைபேசிகளிலிருந்து வந்த மூலத் துண்டுகளை மட்டும், தொலைக்காட்சியில் படத்தை முடிவு வரை பார்த்து, கெட்டிமேளத்தில் குச்சியும் ஓசையும் ஒன்றாக விழுவதை உறுதிசெய்யும் வரை யாரையும் அழிக்கவிடாதீர்கள்.