சோர்ந்திருப்பவரிடம் நேராகக் கேளுங்கள்

திருப்பூர் பனியன் கம்பெனியிலோ பல்லடம் விசைத்தறிக் கூடத்திலோ உடன் வேலை செய்பவர், கடன் நெருக்கடிக்குப் பின் பேச்சைக் குறைத்து, உறக்கமிழந்து, 'நான் எல்லோருக்கும் பாரம்' என்று சொல்லி, அருமையாக வைத்திருந்த பொருள்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினால், அதை வெறும் சலிப்பென்று தள்ளிவிடாதீர்கள். தனியே அமர்த்தி, 'உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?' என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது, பலருக்கு அதுவே முதல் ஆறுதல். இடைமறித்து அறிவுரை கூற வேண்டாம். ஆமென்றால் அவரைத் தனியே விடாமல், தோட்டத்து வீட்டிலுள்ள பூச்சிமருந்தைப் பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுங்கள், ஏனெனில் அந்த உந்துதல் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணியக்கூடியது. 14416 என்ற, அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் எண்ணில் இரவும் பகலும் தமிழில் இலவசமாகப் பேசலாம். உடனடி ஆபத்தென்றால் 108-ஐ அழையுங்கள்.