கொழும்பில் வீட்டிலிருந்து வேலையா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் போன் லைனைப் பாருங்கள்

கொழும்புக்குப் புதிதாக வந்து வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீடு தேடுகிறவர்கள் தண்ணீர், கரண்ட், பள்ளிக்கூடம், கோயில் எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். இன்டர்நெட்டை மட்டும் குடிவந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர், சின்னதாக ஒரு தொழில் நடத்துபவர் அப்படி விடக் கூடாது. இங்கே ஆறு மாத, ஒரு வருட வாடகையை மொத்தமாக அட்வான்ஸ் கேட்பது வழக்கம். அதைக் கையில் கொடுத்த பிறகு லைன் சரியில்லை என்று தெரிந்து பயனில்லை.

கொழும்பில் பல வீதிகளுக்கு பைபர், அதாவது கண்ணாடி இழைக் கேபிள், வந்துவிட்டது. ஆனாலும் பழைய வீடுகள், ஒழுங்கைக்குள் இருக்கும் அனெக்ஸ்கள் (பெரிய வீட்டோடு ஒட்டிய சின்ன வாடகை வீடுகள்), சில தொடர்மாடிகள் இன்னும் செப்புக் கம்பி டெலிபோன் லைனில்தான் இருக்கின்றன. அந்த லைனில் வரும் இன்டர்நெட்டுக்குப் பெயர் டிஎஸ்எல். எது என்று கண்டுபிடிப்பது சுலபம். சுவரில் சாதாரண டெலிபோன் சொக்கெட் இருந்து, அதிலிருந்து ரவுட்டருக்கு வயர் போனால் டிஎஸ்எல். மெல்லிய கேபிள் ஒன்று, பெரும்பாலும் பச்சை முனையோடு, ஒரு சின்னப் பெட்டிக்குள் போனால் பைபர். பைபர் கிடைக்கும் வீடு என்றால் யோசிக்காமல் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால் மேலே படியுங்கள்.

செப்புக் கம்பியில் நம் குரல் 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே போகிறது. டேட்டா அதற்கு மேலே, டிஎஸ்எல்லில் ஒரு வகையான ஏடிஎஸ்எல்2+ என்றால் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. அதனால்தான் போனும் இன்டர்நெட்டும் ஒரே வயரில் ஒன்றாக ஓடுகின்றன. ஆனால் அந்த உயர்ந்த அலைவரிசைகள் தூரம் கூடக் கூடத் தேய்ந்துபோகும். ஏடிஎஸ்எல்2+ இல் காகிதத்தில் உள்ள வேகம் 24 எம்பிபிஎஸ். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கோ, லைன்களைப் பிரித்துக் கொடுக்கும் வீதியோரப் பெட்டியான கபினெட்டுக்கோ ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் அதற்குப் பக்கத்தில் வரலாம். 3 கிலோமீட்டர் என்றால் பாதிக்கும் நன்றாகக் கீழே இறங்கிவிடும். 5 கிலோமீட்டர் தாண்டினால் லைன் நிற்பதே சந்தேகம். இது வயர் சுற்றிவரும் தூரம், வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளக்கக் கூடாது. அடுத்த வீதி நண்பரின் வேகம் உங்களுக்கும் வரும் என்று நம்பவும் கூடாது. வீட்டுக்காரரிடம் அந்த வீட்டு டெலிபோன் இலக்கத்தைக் கேட்டு வாங்கி, சேவை நிறுவனத்துக்கு அழைத்து, இந்த லைனில் எவ்வளவு வேகம் தாங்கும் என்று கேளுங்கள். ஸ்ரீலங்கா டெலிகொம் என்றால் 1212.

இதைவிட முக்கியமானது அப்லோட். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது டவுன்லோட் வேகம். படம் பார்ப்பவருக்கு அது போதும். ஏடிஎஸ்எல்லில் அப்லோட் பெரும்பாலும் 1 எம்பிபிஎஸ் அளவுதான். அந்த வேகத்தில் 1 ஜிபி பைல் ஒன்றை அனுப்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வீடியோ எடிட் செய்பவர், கட்டட வரைபடம் அனுப்புபவர், ஆன்லைனில் டியூஷன் கொடுப்பவர் எல்லோருக்கும் வேலை கெடுவது இங்கேதான். மீட்டிங்கில் மற்றவர்கள் உங்களுக்குத் தெளிவாகத் தெரிவார்கள், நீங்கள் அவர்களுக்கு உறைந்துபோய்த் தெரிவீர்கள். அதே நேரம் உங்கள் கைபேசி பின்னால் போட்டோக்களை பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். வேலை நேரத்தில் அதை நிறுத்திவையுங்கள். டிஎஸ்எல்லின் வேகமான வகையான விடிஎஸ்எல் கிடைத்தால் அப்லோட் நன்றாக இருக்கும், ஆனால் கபினெட் பக்கத்தில் இருக்க வேண்டும். எந்தப் பேக்கேஜ் எடுத்தாலும் அப்லோட் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு இன்னொன்று புதிதாக இருக்கும். இங்கே பல பேக்கேஜ்களில் மாதத்துக்கு இவ்வளவு ஜிபி என்று அளவு உண்டு, சிலவற்றில் அதிலும் ஒரு பங்கு இரவுக்கு மட்டும். மொத்த ஜிபியைப் பார்த்து மயங்காதீர்கள். பகலில் பாவிக்கக்கூடியது எவ்வளவு என்பதுதான் உங்களுக்குக் கணக்கு.

லைன் நல்லதா என்று பார்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. போன் ரிசீவரை எடுத்து ஒரு எண்ணை மட்டும் அழுத்துங்கள். டயல் டோன் நின்று அமைதியாக இருக்க வேண்டும். கரகரவென்று கேட்டால், எங்கோ ஜாயின்ட்டில் ஈரமோ துருவோ இருக்கிறது. கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று, அப்புறம் மழை, இரண்டும் செப்புக் கம்பிக்கு ஆகாது. பிரவுசரில் திறக்கும் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் எஸ்என்ஆர் மார்ஜின் என்று ஓர் எண் காட்டும், இரைச்சலைத் தாங்க லைனில் எவ்வளவு இடைவெளி மிச்சம் என்பதுதான் அது. அது 6 டெசிபெலுக்குக் கீழே இறங்கினால் லைன் அடிக்கடி அறுந்து விழலாம். முறைப்பாடு செய்யும்போது "நெட் ஸ்லோ" என்று சொல்லாமல் இந்தக் கரகரப்பையும் எண்ணையும் சொல்லுங்கள், வேலை வேகமாக நடக்கும். பழுது பார்க்க வருபவர் சிங்களம் மட்டும் பேசுபவராக இருக்கலாம், பக்கத்து வீட்டாரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எத்தனை போன் இருக்கிறதோ அத்தனைக்கும், குரலையும் டேட்டாவையும் பிரிக்கும் பில்டர் மாட்டியிருக்க வேண்டும்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் இடி மின்னல் கடுமையாக வரும். கரண்ட் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது. ரவுட்டரை எரிக்கும் மின்னல் டெலிபோன் வயர் வழியாகவும் வரும். மழை இருட்டும்போதே, இடி தொடங்கும் முன், இரண்டையும் கழற்றிவிடுங்கள்.

மாற்று வழி ஒன்று கட்டாயம் வேண்டும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டியபோது ரவுட்டருக்கென்று சின்ன யுபிஎஸ் வாங்கி வைத்தவர்கள் பலர். இன்றும் அது பயன்படும். ஆனால் வீதியோரக் கபினெட்டின் பேட்டரி தீர்ந்தால் உங்கள் யுபிஎஸ் உதவாது. அதனால் வேறொரு நிறுவனத்தின் 4ஜி சிம் ஒன்றை ரீலோட் செய்து வைத்திருங்கள். கடையில் கார்ட் மெஷின் வைத்திருப்பவர்கள் அதற்கும் தனி சிம் இருக்கிறதா என்று வங்கியில் கேட்டுவிடுங்கள்.

விளம்பர விலைக்கு மேல் வரிகள் சேரும். 2024 ஜனவரியிலிருந்து வற் (மதிப்புக் கூட்டு) வரி மட்டுமே 18 வீதம். லைன் வீட்டுக்காரர் பெயரில் இருந்தால், பில்லை யார் கட்டுவது, நீங்கள் போகும்போது லைன் யாருக்கு என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் எடுத்தால், எத்தனை மாதம் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வீடு மாறும்போது ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீதும், லைனை நிறுத்தியதற்குக் கடிதமும் வாங்கிக்கொண்டு போங்கள்.