டிபி ரத்தத்தில் வருமா? சம்பந்தம் பேசுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்பாசமுத்திரமோ முக்கூடலோ, சம்பந்தம் பேசும் இடத்தில் யாராவது ஒரு பெரியம்மா மெதுவாக ஆரம்பிப்பார்: "தாத்தாவுக்கும் டிபி, மகனுக்கும் டிபி, அந்தக் குடும்பத்து ரத்தத்துலயே கெடக்கு." அதோடு பேச்சு முறிந்துவிடும். முதல் தவறு இதுதான். அவர்கள் இருவரும் ஒரே வீட்டுக் காற்றைச் சுவாசித்தவர்கள், இருமலில் வரும் கிருமி காற்றில்தான் பரவும். கிருமி உள்ளே போனாலும் நூறில் 5 முதல் 10 பேருக்குத்தான் ஆயுளில் எப்போதாவது நோயாக வெளிப்படும்.

அந்த ஐந்து பத்துப் பேர் யார் என்பதில் மரபணுவுக்கும் பங்கு உண்டு, இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்வதும் சரியில்லை. ஆனால் அதை வைத்து இந்த இனத்துக்கு எதிர்ப்புச் சக்தி, அந்தச் சாதிக்குப் பலவீனம் என்று கிளம்புகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு எரிச்சல். டைக்2 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால் டிபி ஆபத்து கூடும். ஐரோப்பியர்களில் சுமார் 600 பேருக்கு ஒருவரிடம் அப்படி இருக்கிறது, கிழக்கு ஆசியாவில் அநேகமாக இல்லை. அப்படியென்றால் சீனாவைவிட மேற்கு ஐரோப்பாவில்தானே டிபி அதிகம் இருக்க வேண்டும்? நிலைமை நேர் எதிர்.

சர்க்கரை நோய், புகை, நெருக்கடியான வீடு, அரைவயிற்றுச் சாப்பாடு, இவைதான் பெரிய காரணங்கள். ஜார்க்கண்டில் நோயாளிகளின் வீட்டாருக்குச் சத்தான உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது என்று 2023ல் முடிவு வெளியானது. யாருடைய மரபணுவும் மாறவில்லையே!

அத்தை மகனைக் கட்டியதால் டிபி வந்தது என்பதும் வீண்பேச்சு. சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில், வெகு அபூர்வமாக, பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தைக்கு பிசிஜி என்ற டிபி தடுப்பூசியில் இருக்கும் வலுவிழந்த கிருமியே உடம்பெங்கும் பரவுவது உண்டு, அது வேறு கதை. ஊசி போட்ட இடத்தில் சின்னதாகப் புண் வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இனத்துக்கு இனம் நிஜமாகவே வேறுபடுவது மாத்திரை விஷயம். டிபிக்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் மருந்தைக் கல்லீரல் மெதுவாகக் கரைப்பவர்கள் ஜப்பானில் பத்தில் ஒருவர்தான், தென்னிந்தியாவில் பாதிக்கு மேல். மெதுவாகக் கரைப்பவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு கொஞ்சம் கூடுதலாக வரலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக விட்டுவிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடலாம். கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், மருந்தை மாற்றித் தர வழி இருக்கிறது.