சின்னக் கடையின் சைட்டை கூகுளில் வரவைப்பது: டர்பன் பக்கத்து ஆட்களுக்கு ஒரு எஸ்இஓ செய்முறை

சைட் செய்து கொடுத்தவர் பணத்தை வாங்கிக்கொண்டு போயாயிற்று, பார்க்கவும் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் கடைப் பெயரை எழுத்துப் பிசகாமல் அடித்தால் தவிர கூகுளில் தலையே காட்டுவதில்லை. தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம் வீட்டிலேயே மசாலா அரைத்து விற்பவர்கள், பூஜைச் சாமான் கடைக்காரர்கள், கேட்டரிங் செய்பவர்கள் எல்லாரும் புலம்புவது இதைத்தான். தேடலில் சைட்டை மேலே கொண்டுவரும் வேலைக்குத்தான் எஸ்இஓ என்று பெயர், அதற்காக மாதாமாதம் யாருக்கும் ராண்டை அள்ளிக் கொடுக்க வேண்டாம். பத்துப் பதினைந்து பக்கம் உள்ள சைட்டுக்கு வேண்டிய வேலையில் முக்கால்வாசியை நீங்களே செய்துவிடலாம். கோடிங் தெரிய வேண்டியதில்லை, கவுண்டரில் நின்று ஜனங்கள் என்ன கேட்கிறார்கள் என்று காது கொடுத்திருந்தால் போதும்.

உதாரணத்துக்கு, சாட்ஸ்வொர்த்தில் மசாலாவும் பூஜைச் சாமானும் விற்கும் ஒரு கடை, வேர்ட்பிரஸ் என்ற சைட் கட்டும் மென்பொருளில் செய்த சைட் என்று வைத்துக்கொள்வோம்.

1. கூகுளுக்கு உங்கள் சைட் தெரியுமா?

கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘சைட்’ என்று அடித்து, முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் உங்கள் டொமைன் பெயரை, அதாவது சைட்டின் முகவரியைச் சேர்த்துத் தேடுங்கள். உங்கள் பக்கங்கள் வரிசையாக வந்தால் சரி, அடுத்த படிக்குப் போகலாம். ஒன்றுமே வரவில்லை என்றால் முதலில் வேர்ட்பிரஸ் உள்ளே போய் செட்டிங்ஸ், அதில் ரீடிங் பக்கத்தைத் திறங்கள். தேடுபொறிகள் இந்த சைட்டை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லும் ஒரு சின்ன டிக் பெட்டி கடைசியில் இருக்கும். சைட் கட்டும்போது அதில் டிக் போட்டு வைப்பார்கள், முடிந்தபிறகு எடுக்க மறந்துவிடுவார்கள். அந்த ஒரு டிக் இருக்கும்வரை கீழே சொல்லப்போகும் எதுவும் பலிக்காது.

அடுத்து கூகுள் சர்ச் கன்சோல், உங்கள் சைட் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் கருவி. இலவசம், ஒரு ஜிமெயில் கணக்கு போதும். சைட் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க ஒரு குறியீடு தருவார்கள், அதை டொமைனின் டிஎன்எஸ் பகுதியில், அதாவது டொமைன் வாங்கிய கணக்கில் இருக்கும் செட்டிங்ஸில் ஒட்ட வேண்டும். அந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று புரியாவிட்டால், டொமைன் வாங்கிய இடத்து சப்போர்ட்டுக்கு எழுதினால் அவர்களே செய்து தருவார்கள். பிறகு சைட்மேப் (உங்கள் பக்கங்களின் பட்டியல்) முகவரியை சர்ச் கன்சோலில் கொடுத்துவிடுங்கள், வேர்ட்பிரஸ் 2020இலிருந்து அதைத் தானாகவே உண்டாக்கித் தருகிறது. இங்கே ஒரு விஷயம்: சர்ச் கன்சோல் கணக்கும் டொமைனும் உங்கள் பேரில் இருக்கட்டும், சைட் செய்தவர் பேரில் வேண்டாம். நாளைக்கு அவர் ஃபோன் எடுக்காமல் போனால் சாவி அவரிடம்தான் இருக்கும்.

2. ஜனங்கள் அடிக்கும் வார்த்தை

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நாம் வீட்டில் தமிழ் பேசலாம், எழுதலாம், ஆனால் இங்கே வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில்தான் தேடுகிறார்கள், அதுவும் நம் ஊர் ஆங்கிலத்தில். கொத்தமல்லித் தழை இங்கே தன்யா. சமோசா என்பதை இரண்டு ஓ போட்டு சமூசா என்றுதான் எழுதுகிறோம். காவடியை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசி எழுத்து பெரும்பாலும் ஒய், இந்தியாவில் ஐ. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது இங்கே போரிஜ் ப்ரேயர். சென்னைக் கடை ஒன்றின் பக்கத்தைப் பார்த்து அப்படியே எழுதினால், சாட்ஸ்வொர்த்தில் ஒருவரும் அடிக்காத வார்த்தைக்குத்தான் நீங்கள் முதலிடத்தில் நிற்பீர்கள்.

ஆகவே ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளைப் பின்னோக்கிப் போய் அவர்கள் எழுதியபடியே எழுதுங்கள்: ‘காவடிக்கு மஞ்சள் வேட்டி இருக்கிறதா’, ‘ஜோபர்க்குக்கு மசாலா கூரியர் செய்வீர்களா’, ‘கிலோ என்ன விலை’, ‘மதர்-இன்-லா மசாலா ரொம்பக் காரமா’. பிறகு அவற்றை ஒவ்வொன்றாக கூகுளில் அடிக்கத் தொடங்குங்கள், முழுசாக முடிக்காதீர்கள். கீழே தானாக விரியும் பரிந்துரைகள், பக்கத்தின் அடியில் வரும் தொடர்புள்ள தேடல்கள், எல்லாம் நிஜமாக ஆட்கள் தேடுவதை வைத்து வருபவை. இரண்டு எழுத்து வடிவத்தில் எது என்று குழப்பம் வந்தால் எந்தச் சொல்லை அதிகம் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸில் நாட்டைத் தென்னாப்பிரிக்கா என்று மாற்றி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வெறும் ‘மசாலா’ என்ற சொல்லுக்கு சூப்பர்மார்க்கெட்டுகளோடு மோதி ஜெயிக்க முடியாது, அந்த ஆசையை விட்டுவிடுங்கள். ஊர், தேவை, பொருள் மூன்றும் சேர்ந்த நீளமான தேடல்தான் சின்னக் கடைக்கு. அப்படித் தேடுபவர்கள் குறைவுதான், ஆனால் அவர்கள் வாங்கத்தான் வருகிறார்கள்.

3. ஒரு பக்கம், ஒரு வேலை

எல்லாவற்றையும் முகப்பிலேயே கொட்டாமல், தாளில் உள்ள கேள்விகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பக்கம் கொடுங்கள். மசாலா வகைகளுக்கு ஒன்று, காவடிச் சாமானுக்கு ஒன்று, கூரியர் விவரத்துக்கு ஒன்று. ஒவ்வொரு பக்கத்துக்கும் டைட்டில் தனித்தனியாக இருக்க வேண்டும், ஏனென்றால் கூகுளில் நீல எழுத்தில் தெரிவது பெரும்பாலும் அதுதான். ‘ஹோம்’ என்றோ ‘வெல்கம்’ என்றோ இருக்கும் டைட்டில் வீண். ‘காவடிச் சாமான்கள், சாட்ஸ்வொர்த், டர்பன்’ என்று தொடங்கிக் கடைப் பெயரைக் கடைசியில் வையுங்கள். டைட்டிலுக்குக் கீழே தெரியும் சின்ன விளக்கமான டிஸ்கிரிப்ஷனும் எழுதுங்கள், அதனால் வரிசையில் மேலே ஏறிவிட முடியாது, ஆனால் தேடுகிறவர் கண்ணில் படும்போது கிளிக் வரும். மெட்டா கீவேர்ட்ஸ் என்று, தேடல் சொற்களைப் பட்டியலிடும் ஒரு பெட்டியை நிரப்பச் சொல்லி யாராவது பணம் கேட்டால் சிரித்துவிட்டு வாருங்கள், அதைக் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது.

நம் ஆட்களிடம் அடிக்கடி பார்க்கும் இன்னொரு பழக்கம்: விலைப்பட்டியலை வாட்ஸ்அப்புக்குச் செய்த போஸ்டராகவே சைட்டிலும் போட்டுவிடுவது. மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து, நடுவில் விநாயகர், கீழே விலை. ஃபோனில் பார்க்கிற மனிதருக்குப் புரியும், ஆனால் படத்துக்குள் மாட்டிய எழுத்தை நம்பித் தேடலில் இடம் எதிர்பார்க்க முடியாது. போஸ்டர் இருக்கட்டும், அதற்குக் கீழே அதே விவரத்தைச் சாதாரண எழுத்தாக அடித்துவிடுங்கள்: பொருள், எடை, விலை, எப்போது கிடைக்கும்.

திருவிழாப் பக்கங்களுக்கு ஒரு தந்திரம். தைப்பூசத்துக்கு ஆண்டுதோறும் புதிய பக்கம் போட்டுப் பழையதை அழிக்கும் வேலை வேண்டாம். முகவரியில் ஆண்டு இல்லாத ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் தேதியையும் விலையையும் மட்டும் மாற்றுங்கள். போன வருடம் அந்தப் பக்கம் சம்பாதித்த மதிப்பு இந்த வருடமும் கூட வரும். தைப்பூசம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வருவதால் நவம்பர் கடைசிக்குள் திருத்தி முடித்துவிடுவது நல்லது, டிசம்பரில் ஊரே லீவில் போய்விடும். புரட்டாசி விரதத்துக்கும் இதே கதைதான்.

4. முகவரி, தமிழ்ப் பக்கம்

தமிழிலும் சில பக்கம் வைக்க ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக வையுங்கள், ஆனால் ஒரே பக்கத்தில் இரண்டு மொழியையும் கலக்காமல் தனித்தனி முகவரியில் வையுங்கள். வேர்ட்பிரஸ் தலைப்பைப் பார்த்துத் தானாகத் தமிழிலேயே முகவரி உண்டாக்கும், அங்கேதான் சிக்கல். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் உள்ளே ஒன்பது எழுத்தாக மாறும். ‘மசாலா’வில் ம, ச, கால், ல, கால் என்று ஐந்து குறியீடு, ஆக 45 எழுத்து. வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தின் முகவரிக்கு ஒதுக்குவது 200 எழுத்து என்பதால் தலைப்பு கொஞ்சம் நீண்டாலும் வால் வெட்டுப்பட்டுவிடும், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறிகளாக நீண்டு தொங்கி, பார்ப்பவர் வைரஸ் என்று பயப்படுவார். கூகுளுக்குத் தமிழ் முகவரியால் பிரச்சினை ஒன்றும் இல்லை. இருந்தாலும் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லாக நீங்களே அடித்துவிடுவதுதான் நிம்மதி.

5. படங்களை இளைக்க வையுங்கள்

இங்கே டேட்டா மலிவில்லை. ஃபோனில் எடுத்த நாலு எம்பி படத்தை அப்படியே ஏற்றினால், ப்ரீபெய்ட் டேட்டாவில் பார்க்கிறவர் பக்கம் திறக்கும் முன்பே போய்விடுவார். ஸ்குவூஷ் போன்ற இலவசக் கருவியில் வெப்பி (WebP) என்ற கனம் குறைந்த பட வடிவத்துக்கு மாற்றினால் 150 கேபிக்குள் அடக்கிவிடலாம். பிறகு சைட்டின் வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் சைட் முகவரியைக் கொடுத்து மொபைல் பகுதியைப் பாருங்கள், பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிந்தால் நல்ல நிலை. கூகுள் இப்போது மொபைல் வடிவத்தை வைத்துத்தான் சைட்டை எடைபோடுகிறது, கம்ப்யூட்டரில் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பது அதற்கு அடுத்ததுதான்.

6. மேப்பில் வாருங்கள்

கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல், இதுவும் இலவசம். பக்கத்தில் இருப்பவர் தேடும்போது மேப்போடு மூன்று கடை காட்டுமே, அங்கே வருவதற்கு இதுதான் வழி. தேடலுக்கு எவ்வளவு பொருந்துகிறது, எவ்வளவு தூரம், எவ்வளவு பேர்பெற்றது என்ற மூன்றைத்தான் பார்ப்பதாக கூகுளே சொல்கிறது. தூரத்தை நாம் மாற்ற முடியாது, மற்ற இரண்டும் நம் கையில். கேட்டகரியைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள், ஈஸ்டர், தீபாவளி நேரத்தில் கடை திறக்கும் மணியைத் திருத்துங்கள், கடைப் பெயரும் ஃபோன் நம்பரும் சைட்டில், ஃபேஸ்புக்கில், இங்கே மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். வீட்டிலிருந்து விற்கிறீர்களா? முகவரியை மறைத்துவிட்டு டெலிவரி செய்யும் பகுதியை மட்டும் காட்டலாம், வீட்டுக் கேட்டில் ஆள் வந்து நிற்க வேண்டியதில்லை.

ரிவ்யூவை வாங்கிய கையோடு கேளுங்கள், கொடுப்பார்கள். காசுக்கு வாங்காதீர்கள், அது கூகுளின் விதிக்கு விரோதம்.

7. லிங்க்

மற்ற சைட்டுகள் உங்கள் சைட்டுக்கு லிங்க் கொடுத்தால் கூகுளில் அது உதவும், ஆனால் காசு கொடுத்து நூறு லிங்க் வாங்குவது வேண்டவே வேண்டாம். நீங்கள் அன்னதானத்துக்கு அரிசியோ சாமானோ கொடுக்கும் கோயிலுக்கு சைட் இருந்தால், நன்றிப் பட்டியலில் உங்கள் பெயரோடு சைட் லிங்க்கையும் சேர்க்கச் சொல்லுங்கள். மசாலா எடுத்துக்கொள்ளும் ரெஸ்டாரண்டிடமும் கேட்கலாம். ஐந்தாறு உண்மையான லிங்க் போதும்.

8. மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்

தினமும் கூகுளில் கடைப் பெயரை அடித்துப் பார்க்கிறவர்கள் உண்டு, அதில் பிரயோஜனம் இல்லை. கூகுள் உங்கள் இடத்துக்கும் பழக்கத்துக்கும் தகுந்த மாதிரி காட்டும். சர்ச் கன்சோலின் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள், 16 மாதக் கணக்கு அங்கே இருக்கும். எந்தத் தேடலில் உங்கள் பக்கம் அதிகமாகக் காட்டப்பட்டும் கிளிக் வரவில்லை என்று முதலில் பாருங்கள். ‘காவடி வேட்டி டர்பன்’ என்ற தேடலில் முந்நூறு தடவை காட்டியும் இரண்டே கிளிக் என்றால், டைட்டிலில் வேட்டி என்ற சொல்லே இருக்காது, அல்லது பக்கத்தில் விலை இருக்காது. திருத்திவிட்டு சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள். சராசரி இடம் எட்டுக்கும் இருபதுக்கும் நடுவில் உள்ள தேடல்கள்தான் கொஞ்சம் தள்ளினால் ஏறக்கூடியவை, ஐம்பதாவது இடத்தில் கிடப்பதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

பலன் தெரிய நாலு மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். அதற்கு நடுவில் முதலிடத்துக்கு கேரண்டி என்று ஒருவர் ஃபோன் செய்வார், நிச்சயம் செய்வார். அந்த கேரண்டியை யாராலும் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது, அதைச் சொல்லிவிட்டு ஃபோனை வையுங்கள்.