பணத்தோடு நேரத்தையும் தருகிறேன் என்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்கள் தொடங்கினால் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்துச் சபைகளில் வாலிபர்கள் கூட்டமாக வந்து, "காணிக்கை போடுவதோடு நிற்க மனமில்லை, நாங்களும் ஏதாவது செய்கிறோம்" என்று பெயர் கொடுப்பார்கள். கேட்கவே சந்தோஷமாக இருக்கும். ஆனால் ஈஸ்டர் வருவதற்குள், நாங்கள் அந்த வயதில் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்துவிடுகிறார்கள். கொடுக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள், கிழிந்த துணியைத் தராதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

கேட்காமலே முடிவு செய்வது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவி, படகிலும் வலையிலும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. அங்கே போனவர்களில் பலர் ரொட்டிப் பொட்டலங்களோடு போனார்கள். அந்த மக்களுக்கோ வலையைப் பற்றித்தான் கவலை. பைபிளில் வரும் பர்திமேயு பார்வையற்றவன் என்பது பார்த்தவுடனே தெரிந்திருக்கும். அப்படியிருந்தும், உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று அவனிடம் கேட்ட பிறகே இயேசு பார்வை கொடுத்தார் (மாற்கு 10).

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பது

இதை நினைத்தால் இன்னமும் எனக்குக் கோபம் வருகிறது. காசிமேட்டில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்குக் கண்புரை. அரசு மருத்துவமனையில் அறுவைக்கு நாள் குறித்து, துணைக்கு ஆளோடு வரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கள் வாலிபர் ஒருவர், "ஆறரை மணிக்கு ஆட்டோவோடு வருகிறேன் பாட்டி" என்று வாக்குக் கொடுத்தார். அன்றைக்குப் பாட்டி மீன் எடுக்கப் போகவில்லை. கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கடன் தவணையை அன்றாடம் வசூலிக்கும் தண்டல்காரரிடம் நாளைக்குச் சேர்த்துத் தருவதாகச் சொல்லிவிட்டு, துவைத்த புடவை கட்டி, மருத்துவமனைச் சீட்டையும் ஆதார் அட்டையையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பத்து மணிவரை அப்படியே இருந்ததாகப் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னார். அந்தத் தம்பிக்குத் திடீரென்று வேலை வந்துவிட்டதாம். ஒரு போன் கூடச் செய்யவில்லை.

நூறு ரூபாய் தருகிறேன் என்று சொல்லித் தராமல் விட்டால் நூறு ரூபாயோடு போயிற்று. இங்கே ஒரு நாள் வியாபாரம் போனது, அறுவைக்கான நாள் போனது, அடுத்து உதவ வருகிறவர்மேல் இருக்க வேண்டிய நம்பிக்கையும் போனது. மறுபடி நாள் கிடைத்தபோது நான் போய்க் கேட்டேன். "வேண்டாம் ஐயா, உங்களுக்கெல்லாம் ஆயிரம் வேலை இருக்கும்" என்றார். அவரைச் சம்மதிக்க வைக்க எத்தனை முறை அந்தப் படியேற வேண்டியிருந்தது!

திராட்சத்தோட்டத்தில் வேலை செய்யச் சொன்ன தகப்பனிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாத மகனை மத்தேயு 21ஆம் அதிகாரத்தில் பார்க்கிறோம். மாட்டேன் என்று சொல்லி, பிறகு மனம் மாறிப் போனவனே தகப்பனின் சித்தத்தைச் செய்தவன். முடியாது என்றால் முன்னமே சொல்லிவிடுங்கள், அதில் பாவம் ஒன்றுமில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் முடியுமென்றால் அந்த ஒன்றைச் சொல்லுங்கள், அதை விடாதீர்கள். உங்களுக்கு மாற்றாக வரக்கூடியவரை முன்கூட்டியே அழைத்துப்போய் அறிமுகப்படுத்துங்கள். முன்பின் தெரியாதவரோடு வயதானவர்கள் எளிதில் கிளம்ப மாட்டார்கள். கண்புரை அறுவை ஒரு நாளோடு முடிகிற வேலையும் இல்லை. பிறகு சில வாரங்கள் வேளை தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும், கண்ணைக் கசக்காமல், தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதையெல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு வாக்குக் கொடுங்கள்.

மாலை வகுப்பும் இப்படித்தான். ஜூனில் தொடங்கியவர் அக்டோபரில் காணாமல் போனால், அவரை நம்பி வேறு டியூஷனில் சேராமல் இருந்த பத்தாம் வகுப்புப் பிள்ளை என்ன செய்யும்?

நம் வசதிக்கு நேரம் குறிப்பது

காசிமேட்டில் மீன் ஏலம் விடியுமுன்பே தொடங்கிவிடும். மீன் விற்கும் பெண்களைக் காலையில் வீட்டில் தேடாதீர்கள்.

உதவி பெறுகிறவரின் பெயர் சபை உறுப்பினர் புத்தகத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது

பார்க்காதீர்கள்.

கட்டிலருகே நீண்ட ஜெபம்

இரண்டு நிமிடம் போதும். பிளாஸ்கில் வெந்நீர் இருக்கிறதா என்று பாருங்கள். கூட இருப்பவர் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். அவர் கீழே போய்ச் சாப்பிட்டு வரும்வரை நோயாளியோடு உட்கார்ந்திருங்கள்.