மூடுபனி நாளில் திக்கும் வெப்கேம்: லினக்ஸில் சரிசெய்யும் முறை

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் நண்பகலிலும் அறைக்குள் விளக்குப் போட வேண்டியிருக்கும். சென்ற ஆண்டு அப்படியொரு நாளில் சென்னையிலிருக்கும் அக்காவுடன் வீடியோ அழைப்பில் பேசியபோது, என் முகம் விட்டுவிட்டு அசைவதாக அவர் சொன்னார். மலையில் நெட் அப்படித்தான் என்று முடிவுகட்டி, ரவுட்டரை ஜன்னலோரம் நகர்த்தினேன். மறுநாள் வெயில் அடித்தது. படமும் சீராக வந்தது. ரவுட்டரை நகர்த்தியதால்தான் சரியானது என்று நம்பி, அடுத்த மழை நாள் வரை ஏமாந்திருந்தேன்.

ஆகவே, முதலில் குவிசிவியூ (guvcview) என்ற நிரலை நிறுவி, அழைப்பு எதுவும் இல்லாமல் கேமராவைத் திறந்து பாருங்கள். படம் காட்டுவதற்குச் சீஸ் (cheese) என்ற நிரலே போதும் என்றாலும், கேமராவின் உள்ளமைப்புகளை மாற்ற வசதியானது குவிசிவியூதான். அதிலும் படம் திக்கினால் நெட்டைக் குறை சொல்ல வழியில்லை.

கேமராவே தென்படவில்லையென்றால், முனையத்தில், அதாவது டெர்மினலில், எல்எஸ்யுஎஸ்பி (lsusb) கட்டளையை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இட்டுப் பட்டியலைப் பாருங்கள். அதிலும் இல்லாவிட்டால், கேமராவை அணைக்கும் விசை லேப்டாப்பில் அழுத்தப்பட்டிருக்கலாம். பட்டியலில் இருந்தும் படம் வராவிட்டால், வேறொரு நிரல் கேமராவைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் அதிலிருந்து படம் பெற முடியும். ஒரே கேமராவுக்கு வீடியோ0, வீடியோ1 என இரண்டு கோப்புகள் தெரிவது பிழையன்று. இரண்டாவது பெரும்பாலும் படம் தராத தகவல் கோப்பு.

இனி, என்னை அலைக்கழித்த இடம். நொடிக்கு 30 சட்டகம் (ஃப்ரேம், அதாவது தனித்தனிப் படம்) எடுக்கும் கேமரா, ஒரு சட்டகத்துக்கு அதிகபட்சம் 1/30 நொடிதான் ஒளியை வாங்க முடியும். வெளிச்சம் குறைந்ததும், படம் இருண்டுவிடாமலிருக்க அது தானாகவே அந்த நேரத்தை நீட்டுகிறது; 1/8 நொடி வரை நீண்டால், நொடிக்கு 8 சட்டகத்துக்கு மேல் வர வழியே இல்லை. குவிசிவியூவின் பட அமைப்புகளில் 'எக்ஸ்போஷர், டைனமிக் ஃப்ரேம்ரேட்' என்றிருப்பதுதான் இப்படி நீட்ட அனுமதிக்கிறது; அதில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். பழைய கர்னல்களில் (லினக்ஸின் மைய நிரலின் பழைய பதிப்புகளில்) இதற்கு 'எக்ஸ்போஷர், ஆட்டோ பிரயாரிட்டி' என்று பெயர். அசைவு உடனே சீராகும். ஆனால் படம் சற்று இருளும். அதற்கு முகத்துக்கு நேராக ஒரு மேசை விளக்கை வைப்பதே நல்லது. பிரைட்னஸைக் கூட்டினால் முகம் வெளிறிப்போகும்.

யுஎஸ்பி கேமராவைக் கழற்றி மாட்டினால் இந்த அமைப்பு பழையபடி மாறிவிடும் என்பதால், குவிசிவியூவிலேயே அதை ஒரு ப்ரொஃபைலாகச் சேமித்து, தேவைப்படும்போது ஏற்றிக்கொள்கிறேன்.

பிற்சேர்க்கை: டியூப்லைட் போட்டதும் படத்தில் பட்டைகள் ஓடுவதாகக் குன்னூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; விளக்கும் அதற்கேற்பவே மினுக்கும். சில கேமராக்கள் 60 ஹெர்ட்ஸுக்கு அமைக்கப்பட்டே வருகின்றன. குவிசிவியூவின் அதே பட அமைப்புகளில் 'பவர் லைன் ஃப்ரீக்வன்சி' என்பதை 50க்கு மாற்றியதும் அவருக்குப் பட்டைகள் நின்றுவிட்டன.